கோல் கணக்கு குறைந்த மூத்த ஃபார்வர்டுக்கு அணியில் ஏன் இடம்?

கேள்வி இதுதான்: ஜூனியர் அணியிலிருந்து வேகமான பையன்கள் வரிசைகட்டி நிற்கும்போது, முப்பதைத் தொட்ட, கோல் கணக்கில் பெரிதாக எதுவும் காட்டாத ஃபார்வர்டுகளை இந்திய ஹாக்கி அணியில் ஏன் வைத்துக்கொள்கிறார்கள்? கேட்டவர் லலித் உபாத்யாய், மந்தீப் சிங் இருவரையும் பெயர் சொல்லியே கேட்டிருக்கிறார். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐந்து ஃபார்வர்டுகளும் சேர்ந்து நான்கு கோல்தான் போட்டார்கள் என்ற கணக்கையும் காட்டியிருக்கிறார்.

கணக்கு சரிதான். 2024 பாரிஸில் இந்தியா எட்டு ஆட்டங்களில் 15 கோல் அடித்தது. அதில் 10 கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்குடையது. அபிஷேக் இரண்டு, மந்தீப் ஒன்று, சுக்ஜீத் ஒன்று, நடுக்கள ஆட்டக்காரர் விவேக் சாகர் ஒன்று. லலித்துக்கும் குர்ஜந்த் சிங்குக்கும் அந்தப் பட்டியலில் பெயரே இல்லை. இதை மட்டும் பார்க்கிற யாருக்கும் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

நான் கல்லூரி அணியிலும் பிறகு துறை அணியிலும் ரைட் இன் இடத்தில், அதாவது முன்வரிசையின் வலது உள்பக்கத்தில், ஆடியவன். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஹாக்கியில் ஃபார்வர்டை கோலை வைத்து எடைபோடும் பழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. மூத்த ஃபார்வர்டு விஷயத்தில் அது இன்னும் தவறு. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஹர்மன்பிரீத்தின் அந்த 10 கோல்களை எடுத்துக்கொள்வோம். ஏழு பெனால்டி கார்னரில் வந்தவை (எதிரணியின் தப்புக்காக, பின்கோட்டிலிருந்து பந்தை வெளியே தள்ளி அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு), மூன்று பெனால்டி ஸ்ட்ரோக்கில் (கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிப்பது). அவர் உலகத்தரமான டிராக் ஃப்ளிக்கர், கார்னரில் பந்தை மட்டையால் இழுத்துக் கோலுக்குள் வீசுபவர், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் பெனால்டி கார்னர் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் பந்தை 'டி'க்குள், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டத்துக்குள் கொண்டுபோய், எதிராளியின் காலில் படவைத்தோ, தப்பாக டேக்கிள் செய்ய வைத்தோ அதைச் சம்பாதிக்க வேண்டும். அந்த வேலையின் பெரும்பகுதி ஃபார்வர்டுகளுடையது. ஸ்கோர் பலகையில் ஃப்ளிக் அடித்தவர் பெயர்தான் ஏறும். கார்னர் வாங்கிக்கொடுத்தவர் பெயருக்கு அங்கே இடமில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்க ஆட்டத்தையே பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5, ஜெர்மனிக்கு எதிராக இந்தியா 5-4. ஒரு கட்டத்தில் 1-3 என்று பின்தங்கியிருந்த ஆட்டம் அது. ஹர்திக் சிங்கும் ஹர்மன்பிரீத்தும் அடித்து 3-3 ஆக்கினார்கள். 31-வது நிமிடத்தில் ரூபிந்தர் பால் சிங் பெனால்டி ஸ்ட்ரோக்கில் அடித்து இந்தியாவை முதன்முறையாக முன்னிலைக்குக் கொண்டுவந்தார். பதிவேட்டில் 'ரூபிந்தர், 31' என்றுதான் இருக்கும். அந்த ஸ்ட்ரோக் கிடைத்ததே 'டி'க்குள் மந்தீப் தள்ளிவிடப்பட்டதால். அடுத்த கோலை 34-வது நிமிடத்தில் சிம்ரன்ஜீத் சிங் அடித்தார். வலது பக்கமாக ஓடிப்போய்ப் பந்தை உள்ளே கொடுத்தவர் குர்ஜந்த். 41 ஆண்டு கழித்து வந்த பதக்கம் அது. அதைத் தீர்மானித்த இரண்டு கோல்களுக்கும் பின்னால் இரண்டு ஃபார்வர்டுகள் இருந்தார்கள், கோல் அடித்தவர் பட்டியலில் இருவர் பெயருமே கிடையாது.

மந்தீப்பை நேரில் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்தபோது கேலரியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தொலைக்காட்சியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும், பந்து இல்லாத ஆளைக் காட்டாது. கேலரியில் இருந்தால் நம் இஷ்டப்படி ஒருவரையே பார்க்கலாம். நான் கொஞ்ச நேரம் மந்தீப்பை மட்டும் பார்த்தேன். பந்து நம் பாதியில் இருக்கும்போதே அவர் எதிரணி ஃபுல்பேக்கின் (பின்வரிசைத் தடுப்பாட்டக்காரரின்) தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். பந்தையும் இவரையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாமல் அந்த ஃபுல்பேக் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். பந்து நடுக்களத்துக்கு வந்ததும் மந்தீப் இரண்டடி முன்னால் வருவார். ஃபுல்பேக் கூடவே வருவார். அவர் விட்டுவந்த இடம் காலியாகும், அந்த இடத்துக்குள் இன்னொருவர் ஓடுவார். மந்தீப்புக்குப் பந்து வரவே இல்லை. ஆனால் அந்தத் தாக்குதலில் பாதி வேலை முடிந்துவிட்டது. இருபது வயதுப் பையனுக்கு இதைச் சொல்லித்தரலாம், அவனும் செய்வான். ஆனால் நான்காவது குவார்ட்டரில், மூச்சு வாங்கும்போதும் அதே இடத்தில் போய் நிற்பதற்குப் பல வருட ஆட்டம் வேண்டும்.

அதே தொடரின் இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் 1-3 என்று இந்தியா பின்தங்கியிருந்தது. 45-வது நிமிடத்தில் ஹர்மன்பிரீத்தும் குர்ஜந்தும் அடுத்தடுத்து அடித்துச் சமன் செய்தார்கள். 56-வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்த கோலில் 4-3. ஆகாஷ்தீப் யார்? ஸ்ட்ரைக்கராக வந்து, பின்னாளில் நடுக்களத்துக்கும் முன்வரிசைக்கும் நடுவே மாறி மாறி ஆடப் பழகிக்கொண்டவர். முன்னால் நிற்பவர்களை எதிரணி மார்க் செய்யும்போது, பின்னாலிருந்து தாமதமாக 'டி'யின் விளிம்புக்கு வருகிறவரை யார் பிடிப்பது என்ற குழப்பம் எதிரணிக்கு வரும். இரண்டு இடமும் தெரிந்த ஆளால்தான் அந்தக் குழப்பத்தைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் கேள்விக்கான விடையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

ஒலிம்பிக் ஹாக்கி அணியில் 16 பேர்தான். பாரிஸில் இந்தியா அதை எப்படிப் பிரித்தது என்றால், கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஒருவர், தடுப்பாட்டக்காரர்கள் ஐந்து, நடுக்களம் ஐந்து, ஃபார்வர்டு ஐந்து. களத்தில் ஒரு நேரத்தில் 11 பேர். ஆக, கோல்கீப்பரைக் கழித்தால், பத்து இடத்தைப் பதினைந்து பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். ஆட்டத்தை நிறுத்தாமலே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். வெளியே போனவர் திரும்பவும் உள்ளே வரலாம். முன்வரிசையில் இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். சில நிமிடம் முழு மூச்சில் ஓடிவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போவார்கள். பதினைந்து நிமிடக் குவார்ட்டர் ஒவ்வொன்றிலும் முன்வரிசையின் சேர்க்கை பலமுறை மாறும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். உங்கள் ஐந்து ஃபார்வர்டுகளும் ஒவ்வொரு இடத்தில் மட்டும்தான் ஆடுவார்கள் என்றால், ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவுடனே பயிற்சியாளரின் மாற்றுக் கணக்கு முழுவதும் சரிந்துவிடும். இடது, வலது, நடு, தேவைப்பட்டால் நடுக்களத்து இன்சைடு என்று எங்கும் நிற்கக்கூடிய ஒருவர் அந்த ஐந்தில் இருந்தால், மற்ற நால்வரையும் அவரவருக்குப் பிடித்த இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். சரிக்கட்டுகிற வேலை அவருடையது. இந்த ஆள் பெரும்பாலும் மூத்தவராகத்தான் இருப்பார். ஏனென்றால் ஒவ்வொரு இடத்தையும் கற்றுக்கொள்வதற்கு ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் சில வருடங்கள் கழிந்திருக்க வேண்டும்.

பாரிஸ் காலிறுதியில் அந்தத் தேவை வந்தது. பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்கு சிவப்பு அட்டை. மீதி 43 நிமிடம் பத்துப் பேர். ரோஹிதாஸ் வெறும் தடுப்பாட்டக்காரர் கிடையாது. எதிரணியின் பெனால்டி கார்னரின்போது கோல் கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து ஓடும் ஆளும் அவர்தான். ஆக ஒரே அட்டையில் இரண்டு இடம் காலி. மன்பிரீத் சிங் நடுக்களத்திலிருந்து பின்வரிசைக்கு இறங்கினார். 22-வது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் கோல், 27-வது நிமிடத்தில் லீ மார்ட்டன் அதைச் சமன் செய்தார். அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கும் மேலாக இந்தியா பத்துப் பேரோடு தாக்குப்பிடித்தது.

அந்த அரை மணி நேரத்தில் ஃபார்வர்டுகள் என்ன செய்தார்கள் என்று ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஸ்ரீஜேஷ் தடுத்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் ஓர் ஆள் குறைந்த அணியில் ஃபார்வர்டு என்ற பேரே பாதி பொய்யாகிவிடும். நடுக்களத்தில் மன்பிரீத் விட்டுப்போன ஓட்டையை முன்னால் இருப்பவர்கள்தான் இறங்கிவந்து அடைக்க வேண்டும். பந்து கிடைத்ததும் அவசரப்பட்டு முன்னால் அடித்துவிடக் கூடாது. மூலைக்குக் கொண்டுபோய், எதிராளியின் காலில் படவைத்து ஒரு ஃப்ரீ ஹிட் வாங்கி, பின்வரிசை மூச்சுவிட அரை நிமிடம் சம்பாதிக்க வேண்டும். இது ஸ்ட்ரைக்கருக்குப் பிடிக்காத வேலை. பிடிக்காத வேலையை முகம் கோணாமல் செய்கிறவரைத்தான் நான் முழுமையான ஃபார்வர்டு என்பேன்.

1-1 என்று முடிந்து ஷூட் அவுட். இதில் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்ப வேண்டும், விசில் ஊதியதிலிருந்து எட்டே வினாடி, எதிரே கோல்கீப்பர் மட்டும். கால்பந்துப் பெனால்டி மாதிரி ஓர் உதையில் முடிகிற காரியம் இல்லை. கோல்கீப்பர் எவ்வளவு தூரம் வெளியே வருகிறார், எந்தப் பக்கம் சாய்கிறார், எப்போது விழுவார் என்பதை ஓடிக்கொண்டே படிக்க வேண்டும். பிரிட்டன் முதல் இரண்டையும் அடித்தது. இந்தியாவுக்கு ஹர்மன்பிரீத்தும் சுக்ஜீத்தும் அடித்தார்கள். 2-2. பிரிட்டனின் மூன்றாவது முயற்சி வீணானது. முன்னிலை பெறும் வாய்ப்பு இந்தியாவுக்கு முதன்முறையாக வந்தது, அந்த மூன்றாவது முயற்சிக்கு வந்தவர் லலித். கோல்கீப்பர் ஆலி பெய்னைத் தாண்டிப் பந்து உள்ளே போனது. 3-2. அடுத்து ஃபில் ரோப்பரின் முயற்சியை ஸ்ரீஜேஷ் தடுத்தார், ராஜ்குமார் பால் அடித்து முடித்தார். 4-2.

ஷூட் அவுட்டில் அடிப்பது தனிப்பட்ட கோல் கணக்கில் சேராது. அதனால்தான் பாரிஸில் லலித்தின் பெயருக்கு எதிரே இன்றைக்கும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை வைத்து அவரை எடைபோடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று உங்களுக்கே தெரியும். சுக்ஜீத்துக்கும் ராஜ்குமாருக்கும் அது முதல் ஒலிம்பிக், இருவரும் அற்புதமாக அடித்தார்கள். ஆகவே இளைஞர்களால் முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. நான்கு பேரில் இரண்டு புதியவர்களுக்கு நடுவே, ஏற்கெனவே ஏறக்குறைய பத்தாண்டு சர்வதேச ஆட்டம் ஆடிய இருவர் நிற்கிறார்கள் என்பது வரிசையில் காத்து நிற்கும் பையனுக்குப் பெரிய விஷயம்.

பிரஸ் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. எதிரணி தன் பாதியிலிருந்து பந்தை வெளியே கொண்டுவரும்போது அதை மறித்துப் பிடுங்குவதைத்தான் பிரஸ் என்கிறோம். அதைத் தொடங்கிவைப்பவர் ஃபார்வர்டு. இன்றைய ஹாக்கியில் முதல் தடுப்பாட்டக்காரர் அவர்தான்.

என்னிடம் வரும் பிள்ளைகள் முதலில் செய்கிற காரியம், பந்து வைத்திருக்கும் ஃபுல்பேக்கை நோக்கி நேராக ஓடுவது. ஆர்வம்தான். ஆனால் நேராக ஓடினால் அவன் இடது, வலது இரண்டு பக்கமும் பாஸ் கொடுக்கலாம். சும்மா ஒரு புஷ், உங்கள் மூன்று ஃபார்வர்டும் ஒரே பாஸில் ஆட்டத்துக்கு வெளியே. சரியான முறை வளைந்து ஓடுவது. நடுவே போகும் பாதையை முதலில் உடம்பாலும் மட்டையாலும் அடைக்க வேண்டும். மட்டை தரையோடு படிந்திருக்க வேண்டும், உயர்த்திப் பிடித்தால் அடியில் பந்து போய்விடும். அப்படி ஓடினால் ஃபுல்பேக்குக்குப் பக்கக்கோட்டை ஒட்டிய பாஸ் மட்டும்தான் மிச்சம். அங்கே உங்கள் இரண்டாவது ஆள் காத்திருப்பார். கோடும் ஒரு தடுப்பாட்டக்காரர் மாதிரிதான், அதைத் தாண்டி யாராலும் போக முடியாது.

இதில் எப்போது பாய்வது என்பதுதான் கடினமான பகுதி. முதல் ஆள் அரை வினாடி முந்திப் பாய்ந்தால் பின்னால் இருப்பவர்கள் தயாராக இருக்க மாட்டார்கள். பிந்தினால் பந்து போய்விடும். பாய்கிற நேரத்தைச் சத்தம் போட்டுச் சொல்பவர் ஒருவர் முன்வரிசையில் வேண்டும். பயிற்சியாளர் வெளியே நின்று கத்துவது நிரம்பிய மைதானத்தில் காதில் விழாது. அந்தக் குரல் மூத்த ஃபார்வர்டுடையதாக இருக்கும். எதிரணி ஃபுல்பேக்கோடு அவர் வருடக்கணக்காக மோதியிருப்பார். அவசரத்தில் அந்த ஆள் எந்தப் பக்கம் திரும்புவார், மட்டையைத் திருப்பிப் பிடித்து ரிவர்ஸில் பாஸ் கொடுப்பாரா மாட்டாரா என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். வீடியோ அனலிஸ்ட் இதையெல்லாம் திரையில் காட்டலாம். களத்தில் அந்த நொடியில் நினைவுக்கு வருவது அனுபவத்தால்தான்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் ஆட்டத்தைக் கவிழ்க்கக்கூடியது. களைத்துப்போன ஃபார்வர்டு ஓடிப் பிடிக்க முடியாதபோது பின்னாலிருந்து மட்டையை நீட்டுவார். எதிராளியின் காலில் படும். பச்சை அட்டை, இரண்டு நிமிடம் வெளியே. மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து நிமிடம். அந்த நேரம் முழுக்க அணி பத்துப் பேரோடு ஆட வேண்டும். அனுபவமுள்ளவர் அந்தப் பந்தை விட்டுவிட்டு, பின்னால் ஓடிவந்து இடத்தைப் பிடித்துக்கொள்வார். விடத் தெரிவதும் திறமைதான். எந்தப் புள்ளிவிவரத்திலும் அது வராது.

இப்படிப்பட்ட ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பெண்கள் அணியின் கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு இன்றும் மனசு ஆறாத கதை அது.

வந்தனா கட்டாரியா, ஹரித்துவார் பக்கத்து ரோஷ்னாபாத் பெண். 2009-ல் இந்திய அணிக்கு வந்தார். டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இந்தியா 4-3 என்று ஜெயித்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். அந்த ஆட்டத்தில் மூன்று முறை இந்தியா முந்தியது, மூன்று முறையும் தென்னாப்பிரிக்கா சமன் செய்தது. தோற்றாலோ சமன் ஆனாலோ அடுத்த சுற்று கிடையாது என்ற நிலை. வந்தனாவின் கோல்கள் தூரத்திலிருந்து அடித்த பிரமாதமான ஷாட்டுகள் அல்ல. கோல் முகத்தருகே, பந்து வரப்போகும் இடத்தில் மட்டையோடு ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பதுதான் அவர் கலை. 2023-ல் 300 சர்வதேச ஆட்டங்களை எட்டிய முதல் இந்தியப் பெண் ஆனார்.

2024 ஜனவரியில் ராஞ்சியில் பாரிஸ் ஒலிம்பிக் தகுதிப் போட்டி. துணை கேப்டனாக அறிவிக்கப்பட்டிருந்த வந்தனாவுக்குப் போட்டி தொடங்கும் முன்பே பயிற்சியில் கன்ன எலும்பு முறிந்தது. அவர் வெளியே. இன்னொரு மூத்த ஃபார்வர்டான ராணி ராம்பாலும் அந்த அணியில் இல்லை. முதல் ஆட்டத்திலேயே அமெரிக்காவிடம் 0-1. பிறகு நியூசிலாந்தையும் இத்தாலியையும் ஜெயித்து, அரையிறுதியில் ஜெர்மனியோடு 2-2 ஆகி, ஷூட் அவுட்டில் தோல்வி. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானை ஜெயித்திருந்தால் பாரிஸ் டிக்கெட் கையில். ஜப்பான் ஆறாவது நிமிடத்தில் பெனால்டி கார்னரில் ஒரு கோல் அடித்தது. மீதி 54 நிமிடம் நம் பெண்கள் அந்த ஒரு கோலைத் திருப்பித்தர ஓடினார்கள். கார்னர் மேல் கார்னர் கிடைத்தது. பந்து 'டி'க்குள் போய்க்கொண்டே இருந்தது. கோல் விழவில்லை. 0-1. டோக்கியோவில் நான்காம் இடம் பிடித்த அணி, அடுத்த ஒலிம்பிக்குக்கே போகவில்லை.

வந்தனா இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த 54 நிமிடத்தில் தேவைப்பட்டது ஓட்டமோ வேகமோ இல்லை, அவை நிறையவே இருந்தன. கோல்கீப்பர் தட்டிவிடும் பந்து விழுகிற இடத்தில் ஓர் ஆள், பதற்றத்தில் எல்லோரும் அடிக்கும்போது ஒரு நொடி பொறுத்து பாஸ் கொடுக்கிற ஓர் ஆள், அதுதான் இல்லாமல் போனது. இதே ராணி 2019 நவம்பரில் புவனேஸ்வரில் என்ன செய்தார் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டோக்கியோவுக்கான தகுதிச் சுற்றில் அமெரிக்காவை முதல் ஆட்டத்தில் 5-1 என்று ஜெயித்துவிட்டு, இரண்டாவது ஆட்டத்தில் பாதி நேரத்துக்குள் 0-4 என்று வாங்கிக்கட்டி, மொத்தக் கணக்கு 5-5 ஆகிவிட்டது. 48-வது நிமிடத்தில் ராணி ஒரு கோல். 6-5, டோக்கியோ. அப்போது அவருக்கு 24 வயதுதான். ஆனால் பதினைந்து வயதுக்குள் இந்திய அணிக்கு வந்தவர், பத்தாண்டு பழுத்த அனுபவம். மூத்தவர் என்று நான் சொல்வது பிறந்த தேதியைப் பார்த்து இல்லை.

வெளிநாட்டில் இதற்கு ஒரே பெயர் சொல்ல வேண்டுமானால், ஆஸ்திரேலியாவின் எடி ஒக்கெண்டன். டாஸ்மேனியாக்காரர். 2006-ல் ஸ்ட்ரைக்கராக வந்தார், நடுக்களத்துக்குப் போனார், கடைசியில் பின்வரிசையில் நின்றார். 2008 முதல் 2024 வரை ஐந்து ஒலிம்பிக். ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் பழைய இடத்தின் அறிவைக் கூடவே எடுத்துக்கொண்டு போனார். ஸ்ட்ரைக்கராக இருந்தவருக்கு, எதிரே வரும் ஸ்ட்ரைக்கர் அடுத்து எங்கே ஓடப்போகிறார் என்று தெரியாதா என்ன? ஆஸ்திரேலியா மாதிரி இளைஞர்களுக்குப் பஞ்சமே இல்லாத நாடு இவரை இத்தனை வருடம் வைத்துக்கொண்டது பாசத்தால் இல்லை.

தன்ராஜ் பிள்ளையின் பெயரையும் இங்கே சிலர் இழுப்பார்கள். நம்மவர், புனே பக்கம் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், நான்கு ஒலிம்பிக் ஆடியவர். 2003-ல் 35 வயதில் கேப்டனாக நின்று கோலாலம்பூரில் பாகிஸ்தானை 4-2 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பையை வாங்கித்தந்தார். அவர் மீது எனக்கு இருக்கும் மரியாதைக்கு அளவே இல்லை. ஆனாலும் அவரை இந்தக் கேள்விக்கு உதாரணமாகச் சொல்ல மாட்டேன். அவர் அணியின் நட்சத்திரம், ஆட்டமே அவரைச் சுற்றித்தான் சுழன்றது. நான் பேசுவது மற்றவர்களைச் சுற்றித் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்கிறவரைப் பற்றி. தவிர, அன்று 35 நிமிடமாக இரண்டு பாதி. இன்று நான்கு குவார்ட்டர், ஒவ்வொன்றும் முழு வேகம். 35 வயதில் முன்வரிசையில் நிற்பது இன்று அன்றைவிடக் கடினம்.

அப்படியானால் மூத்தவர்களை எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டுமா? கூடாது. இதில் எனக்கு ஒளிவுமறைவு கிடையாது. வேகத்தை மட்டுமே நம்பி ஆடிய விங்கர், வேகம் போனதும் இடத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். பழைய பெயருக்காக 16-ல் ஓர் இடத்தைக் கொடுத்தால், அது ஒரு பையனின் நான்கு வருட உழைப்பைத் தட்டிப் பறிப்பது. தமிழ்நாட்டிலேயே அரியலூர் கார்த்தி செல்வம், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் என்று முன்வரிசையில் ஆடும் பிள்ளைகள் தேசிய அணி வரை போயிருக்கிறார்கள். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் அடித்தவர் கார்த்தி. இவர்களைப் போன்றவர்களின் வழியை மறித்துக்கொண்டு ஒருவர் நிற்பதென்றால், அதற்கு அவர் தினமும் காரணம் காட்ட வேண்டும்.

நான் தேர்வாளராக இருந்தால் முதலில் பார்ப்பது பந்து பறிபோன பிறகு அந்த ஆள் எடுத்துவைக்கும் முதல் ஐந்து அடியை. திரும்பி ஓடுகிறாரா, கையை விரித்துக்கொண்டு நிற்கிறாரா? நின்றால் அவர் எத்தனை கோல் அடித்திருந்தாலும் பெட்டியைக் கட்டச் சொல்லலாம். பிறகு, வேறு இடத்தில் ஆடச் சொன்னால் எப்படி ஆடுகிறார் என்று பார்ப்பேன். கடைசியாக, அவர் களத்தில் இருக்கும் நிமிடங்களில் பக்கத்தில் ஆடும் இளையவரின் ஆட்டம் கூடுகிறதா குறைகிறதா என்பது. பாரிஸில் இந்தியாவின் ஃபார்வர்டு கோல்கள் நான்கில் மூன்றை அபிஷேக்கும் சுக்ஜீத்தும் அடித்தார்கள், இருவருக்கும் அது முதல் ஒலிம்பிக். மந்தீப்பும் லலித்தும் பக்கத்தில் ஆடியதற்கு அதில் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

லலித் 2025 ஜூனில் தானாகவே ஓய்வை அறிவித்தார். மந்தீப் தொடர்ந்தார். அந்த ஆகஸ்ட்-செப்டம்பரில் பீகார் ராஜ்கிரில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்தியா எடுத்துப்போன ஃபார்வர்டுகளில் முப்பது வயது மந்தீப்பும் ஒருவர். கூடவே அபிஷேக், சுக்ஜீத், சிலானந்த் லக்ரா, பாரிஸ் அணியில் இடம் கிடைக்காமல் போய்த் திரும்பிவந்த தில்பிரீத் சிங். இறுதி ஆட்டத்தில் கொரியாவை 4-1 என்று வீழ்த்தி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். முதல் நிமிடத்திலேயே சுக்ஜீத் ஒன்று, தில்பிரீத் இரண்டு, ரோஹிதாஸ் ஒன்று. மந்தீப் பெயர் அன்றைய கோல் பட்டியலிலும் இல்லை. முழு ஆட்டமும் இணையத்தில் கிடைத்தால், இருபது நிமிடமாவது பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகும் இதே கேள்வி இருந்தால் கேளுங்கள், பேசலாம்.